துபாய் பட்ஜெட்: நம்பியோவில் இல்லாத வரிசைகள்

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, அந்த ஊரில் நாலு பேர் குடும்பம் நடத்த எவ்வளவு ஆகும் என்பதுதான். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் ஒன்று நம்பியோ. 2009-இல் தொடங்கிய தளம், இலவசம். விலைகளைப் பயனர்களே பதிவிடுகிறார்கள். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து துபாய்க்குக் குடிபெயரும் குடும்பம் என்று வைத்துக்கொண்டு இதை ஓட்டிப் பார்த்தேன்.

பயன்படுத்துவது எளிது. ஊரைத் தட்டி, நாணயத்தை ரூபாய்க்கு மாற்றினால் பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி விலை, பக்கத்திலேயே குறைந்தபட்சமும் அதிகபட்சமும். பலரும் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மையான தகவல் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அரிசிக்கும் முட்டைக்கும் எந்த எண்ணை எடுத்தாலும் பெரிய சேதமில்லை. வாடகைக்கு மட்டும் மேல்பக்க எண்ணையே எடுங்கள்.

கூடையில் என்னென்ன இருக்கின்றன என்றும் ஒருமுறை பாருங்கள். பாலாடைக்கட்டி, லெட்டூஸ், கப்புச்சினோ, ஒயின் எல்லாம் உண்டு. துவரம்பருப்பு, தேங்காய், இட்லி அரிசி கிடையாது. இதைவிடப் பெரிய ஓட்டை வீட்டு வாடகையில். ஒரு படுக்கையறைக்கும் மூன்று படுக்கையறைக்கும்தான் விலை இருக்கிறது. நம்மவர்கள் கராமாவிலோ அல் நஹ்தாவிலோ தேடுவது பெரும்பாலும் இரண்டு படுக்கையறை வீடு. நடுவில் ஓர் எண்ணை நீங்களாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘சென்னையில் இத்தனை ரூபாயில் வாழ்ந்தால் துபாயில் இத்தனை தேவை’ என்ற ஒப்பீடுதான் இந்தத் தளத்தில் அதிகம் பகிரப்படுவது. இரண்டு ஊரிலும் வாடகை வீடு என்ற அனுமானம் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அம்பத்தூரில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்த எண் பயன்படாது.

ஆனால் துபாய்க்குப் போகும் குடும்பத்தைத் திணறடிப்பது மாதச் செலவல்ல, முதல் சில வாரங்களில் மொத்தமாகக் கைவிட்டுப் போகும் பணம். நம்பியோ வாடகையை மாதக் கணக்கில் காட்டுகிறது. துபாயில் அது வருடக் கணக்கு. ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட செக்குகளாகக் கொடுப்பதே வழக்கம். எடுத்துக்காட்டுக்கு, வருட வாடகை 72,000 திர்ஹாம், நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 18,000. ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு 5 சதவீத டெபாசிட், 3,600. புரோக்கர் கமிஷன் 5 சதவீதம் என்றால் இன்னொரு 3,600, அதற்கு வாட் 180. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு தேவா நிறுவனத்தில் டெபாசிட் 2,000. சாவி கைக்கு வருமுன்னே 27,380 திர்ஹாம். மாதம் 6,000 என்று நம்பியோவை நம்பிக் கணக்குப் போட்டவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு அதிர்ச்சி கொஞ்சம் குறையலாம். இதுபோக, வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாக மாதாமாதம் தேவா பில்லிலேயே ஏறும். நம் கணக்கில் அது மாதம் 300.

அதனால் நம்பியோவை விலைப்பட்டியலாக மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கை கூகுள் ஷீட்டுக்கு மாற்றினேன். செலவுகள் வரிசையில், மாதங்கள் நெடுவரிசையில். முதல் நெடுவரிசைக்கு ‘கிளம்புமுன்’ என்று தலைப்பு. சம்பளம் வருவது அடுத்த நெடுவரிசையின் கடைசியில்தான். திர்ஹாமின் ரூபாய் மதிப்பை ஷீட்டே இணையத்திலிருந்து எடுத்துவர ஒரு ஃபார்முலா போதும். பணமாற்று நிலையத்தில் கிடைக்கும் விலை அதிலிருந்து சற்று மாறும். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், ஊரில் வீட்டுக்கடன் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது டாலருக்கு எதிரான ரூபாயைத்தான். ரூபாய் சரிந்தால் அதே இஎம்ஐக்குக் குறைந்த திர்ஹாம் போதும்.

மின்சாரம், தண்ணீர், குளிரூட்டல் எல்லாவற்றையும் 85 சதுர மீட்டர் வீட்டுக்கு ஒரே சராசரியாக நம்பியோ தருகிறது. ஆகஸ்ட் பில்லும் ஜனவரி பில்லும் ஒன்றல்ல. சில கட்டடங்களில் ஏசிக்கான குளிர்நீர்க் கட்டணம் வாடகையோடு சேர்ந்தது, சிலவற்றில் தனி பில். வீடு பார்க்கும்போதே கேட்டு ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு நம்பியோவில் வரிசையே இல்லை. ஊழியருக்குக் காப்பீடு கொடுப்பது துபாயில் கம்பெனியின் கடமை. மனைவி, பிள்ளைகளுக்கு விசா எடுப்பவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், ஆஃபரில் குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தால் ஒழிய. பள்ளிக் கட்டணத்துக்கு நம்பியோவின் சர்வதேசப் பள்ளி சராசரியைத் தொடவே வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றின் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. துபாயின் பள்ளிக் கல்வி ஆணையமான கேஎச்டிஏ-வின் தளத்தில் பள்ளிவாரியாக, வகுப்புவாரியாகக் கட்டணம் இருக்கிறது. பஸ் கட்டணத்தை மட்டும் பள்ளியில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.