செத்தவனுக்கு வக்காலத்து

தமிழில் புகழ்பெற்ற திருட்டு வழக்கு எது என்று கேட்டால் தமிழ் எம்.ஏ. படித்தவன் யோசிக்கமாட்டான். மதுரையில் நடந்த சிலம்பு வழக்கு. புகார் சொன்னவன் பொற்கொல்லன். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. பிடித்து வந்து கொல்லச் சொன்னான் அரசன், கொன்றார்கள். வக்கீல் வந்து சேர்ந்தபோது குற்றம் சாட்டப்பட்டவன் பிணம். அந்த வக்கீல் அவனுடைய பெண்டாட்டி. கறுப்பு அங்கி கிடையாது, சன்னது கிடையாது. தலைவிரி கோலமாக அரசவைக்குள் போய், தொண்டிப்பொருளை வரவழைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டி வழக்கை ஜெயித்தாள். ஜெயித்த வழக்கில் கட்சிக்காரன் உயிரோடு இல்லை.

காவியத்தை இலக்கணமாகவும் கற்பாகவும் அரசியல் அறமாகவும் படித்து முடித்துவிட்டோம். ஒரு திருட்டு கேஸாகப் படித்தால் வேறு சில சங்கதிகள் கண்ணில் படுகின்றன. கொலைக்களக் காதையில் காவலாளிகள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்ளன் மாதிரித் தெரியவில்லையே என்கிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கப் பொற்கொல்லன் களவு சாஸ்திரமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் வாளை வீசுகிறவன் படிக்காத ஒரு குடிகாரன் என்று காவியம் பழியை அவன்மேல் போட்டுவிடுகிறது. அரசனுக்கோ கௌரவமான சாவு. என்ன இருந்தாலும், கோவலனின் முகத்துக்கு அங்கே ஒரு நிமிஷ மரியாதை கிடைத்தது. செட்டிமகன் முகம்!

அந்த ஒரு நிமிஷம் 1993 மார்ச்சில் ராஜாக்கண்ணுவுக்குக் கிடைக்கவில்லை. அன்றைய தென்னாற்காடு மாவட்டம், விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி. அறுப்பு வேலைக்குப் போன ஊரில் நகை காணாமல் போகிறது. கம்மாபுரம் போலீஸ் அவரையும் உறவுக்காரர்களையும் பிடித்துக்கொண்டு போய் அடிக்கிறது. பிறகு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்கிறது. உடல் பக்கத்து மாவட்ட எல்லைக்குள் மீன்சுருட்டிப் பக்கம், பேர் தெரியாத பிணமாகக் கிடந்தது. இங்கே எந்தக் காவலாளியும் முகத்தைப் பார்த்துத் தயங்கவில்லை. சாதியைப் பார்த்தாகிவிட்டது, முகம் எதற்கு?

அவர் மனைவி பார்வதிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆஜரானவர் வக்கீல் சந்துரு, பின்னாளில் நீதிபதி சந்துரு. அவர் போட்டது ஆட்கொணர்வு மனு. இந்த வழக்கின் விசேஷம் இதில்தான் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் நின்று, இவன் திருடவில்லை என்று வாதாடுகிற வழக்கு இல்லை இது. இவன் திருடினானா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, இவன் எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்கிற வழக்கு. குற்றவாளிக் கூண்டு இடம் மாறுகிறது. பதில் சொல்ல வேண்டியவன் போலீஸ்காரன் ஆகிறான். அவசரநிலைக் காலத்தில் கேரளத்தில் ராஜன் என்ற பொறியியல் மாணவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனபோது அவருடைய அப்பா ஈச்சர வாரியர் 1977-ல் கேட்டதும் இதே கேள்விதான். 13 வருஷம் கழித்து, 2006-ல், ராஜாக்கண்ணு வழக்கில் போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கை வைத்து த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ 2021 நவம்பரில் வெளிவந்தது. நல்ல படம். ஆரம்பக் காட்சியிலேயே ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களைச் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். சில சாதிக்காரர்கள் வீட்டுக்கு. மற்றவர்கள், முடியாமல் கிடக்கும் கேஸ்களைத் தலையில் கட்ட மறுபடி போலீஸ் வண்டிக்கு. தமிழ் சினிமா அதுவரை காட்டாத வாசல் அது. லாக்கப் அடியைப் பின்னணி இசை போட்டு அழகுபடுத்தாமல் காட்டியதற்கும் நன்றி சொல்லலாம்.

ஆனால் விமர்சனம் என்பது நன்றி சொல்வதோடு முடிகிற காரியமில்லை.

ராஜபாளையத்தில் தோழர்கள் சிலர் கூடி இந்தப் படத்தைப் பற்றிப் பேசினோம். மில் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தோப்பு வேலை செய்கிற இரண்டு மூன்று அம்மாமார்கள். எல்லோரும் பாராட்டி முடித்த பிறகு ஓர் அம்மா கேட்டார்: “அந்தப் பையன் தங்கமான பையன். சரி. எம்மவன் தங்கமில்லையே சார். ஒருதடவ தோப்புல தேங்கா எடுத்தவன்தான். அப்ப அவன அடிச்சுக் கொன்னா சரியாப் போயிருமா?” கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் மோட்டார் வயர் அறுந்தாலும் தோப்பில் தேங்காய் குறைந்தாலும் முதலில் தட்டப்படுகிற கதவு எது என்று எல்லோருக்கும் தெரியும். வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறுகிறவர்கள் யார் என்பதும் தெரியும். அந்த அம்மா கேட்டதுதான் படத்தின் மீது வைக்க வேண்டிய கேள்வி.

படம் தன் பெரும் உழைப்பை ராஜாக்கண்ணுவின் நேர்மையை நிரூபிப்பதில் செலவழிக்கிறது. அவன் உழைப்பாளி, பொய் சொல்லாதவன், உயிர் போனாலும் திருட்டுப் பட்டத்தை ஒப்புக்கொள்ளாதவன். நகையை எடுத்தவன் வேறொருவன் என்றும் கதை கண்டுபிடித்துச் சொல்கிறது. பார்க்கிறவன் அழுகிறான். எதற்கு அழுகிறான்? ஒரு நிரபராதி செத்துப்போனதற்கு. நிஜமாகவே ராஜாக்கண்ணு எடுத்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்குமா? ஆட்கொணர்வு மனு ஓரமாகத் தள்ளிவைத்த கேள்வியைத் திரைக்கதை திரும்ப நடுவீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. சட்டம் நிரபராதித்தனத்தை உயிரின் விலையாகக் கேட்கவில்லை. படம் கேட்கிறது. வக்கீல் ஜெயித்த இடத்தில் படம் தோற்கிறது.

கண்ணகியும் இந்த வலையில்தான் மாட்டினாள். என் கணவன் கள்வன் அல்லன் என்று நிரூபித்தாள். கள்வனைக் கொல்வது முறைதான் என்ற அரசனின் சட்டத்தை அவள் உடைக்கவில்லை, சிலம்பைத்தான் உடைத்தாள். எடுத்துக் காட்டுவதற்கு அவளிடம் இன்னொரு சிலம்பாவது இருந்தது. பார்வதியிடம் என்ன இருந்தது? ஏழைக் குடிசையில் இருக்கிற ஒரு வெள்ளிக் கொலுசும் அடகுச் சீட்டும்கூட, எடுத்துக் காட்டினால் திருட்டுச் சொத்து என்று மகஜர் எழுதப்படக்கூடிய பொருள்கள். நமக்குச் சாட்சியம் கைக்கு வராது. வந்தால் தொண்டியாகத்தான் வரும்.

இரண்டாவது விஷயம் பெயர். ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளர். இருளர்களுக்கும் இதே கொடுமை நடக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் வருஷக்கணக்காக அந்த மக்களுக்காக நிற்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் குறவர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தனிச் சரித்திரம் இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையும் கள்ளன் என்று எழுதிய சட்டம். எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் மறவர்களில் ஒரு பிரிவாரும் அதில் கைரேகை வைத்தார்கள். 1947-ல் இந்த மாகாணத்தில் ரத்தாயிற்று. நிலமும் ஓட்டும் இருந்த சாதிகள் அந்தப் பட்டத்தை உதறிவிட்டு நிமிர்ந்தன. அவை இரண்டும் இல்லாத குறவர்கள்மேல் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சரித்திரத்தைச் சொல்லக் கிடைத்த ஒரு வாய்ப்பு, சாதிப் பெயர் மாறியதும் கைநழுவிப் போயிற்று. அடித்தவன் சாதி எது என்று ஒரு காலண்டர் படத்தை வைத்து ஊரே சண்டை போட்டது. செத்தவன் சாதி காணாமல் போனது பற்றி அந்தச் சத்தத்தில் பாதிகூட எழவில்லை.

மூன்றாவது, வழக்கை நடத்தியது யார் என்பது. படத்தில் வக்கீல் பெரிய ஆள். வழக்கறிஞர் கைக்கு வருவதற்கு முன்னால் அந்த வழக்கைத் தூக்கிச் சுமந்தவர் பார்வதி. கூடவே நின்ற கோவிந்தன் என்ற மார்க்சிஸ்ட் கட்சி உள்ளூர்த் தோழர், வழக்கு முடியாமல் கல்யாணம் பண்ணுவதில்லை என்று இருந்தவர். சந்துருவே இதைப் பொதுவில் சொல்லியிருக்கிறார். இப்படி ஊரில் நிற்கிற ஆள் இல்லாவிட்டால் எத்தனை பெரிய வக்கீலும் வெறுங்கைதான். வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் (2015) குண்டூரில் மாட்டிக்கொள்கிற தமிழ்ப் பையன்களுக்கு வக்கீலே கிடையாது. கோர்ட்டில் அவர்கள் பேச்சை மொழிபெயர்க்க ஒரு போலீஸ்காரன்தான் வாய்க்கிறான். அடித்தட்டு மக்களின் நிஜம் பெரும்பாலும் அந்தப் படத்துக்குத்தான் நெருக்கம்.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் நகை காணோம் என்ற புகாரில் தனிப்படைப் போலீஸ் விசாரணையில் செத்தார். அப்போதும் நம் பத்திரிகைகளும் தெருப்பேச்சும் அலசியது, அவர் எடுத்தாரா எடுக்கவில்லையா என்பதைத்தான். அந்த அலசலுக்குள் நாம் காலை வைத்தவுடனேயே பாதிக் கொலையை நியாயப்படுத்திவிடுகிறோம்.

ஆகவே சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒன்று. ‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு வக்கீல் ஆக ஆசைப்படுங்கள், சந்தோஷம். ஆனால் தங்கமான ஏழைக்கு மட்டும் வாதாடுகிற வக்கீலாக வேண்டாம். தேங்காய் எடுத்தவனுக்கும் ஆஜராகுங்கள். அவன் செத்த பிறகு வேண்டாம். பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு ராத்திரியே ஸ்டேஷன் வாசலில் போய் நில்லுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆள் எங்கே?

எழுதுகிற நமக்கும் வேலை இருக்கிறது. நம் கதைகளில் இன்னும் எத்தனை காலத்துக்கு நல்லவனை மட்டுமே சாகடித்துக்கொண்டிருப்போம்?