ஆராய்ச்சிக் கூடத்திற்கு எத்தனை வாசல்?

கட்டடங்களை விமர்சிப்போர் பெரும்பாலும் முகப்பைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகம் பற்றி நாம் படித்தவற்றுட் பல இத்தகைய முகப்புப் புகழ்ச்சிகளே. அபர்குரொம்பியின் திட்டத்திற்குக் கண்டிய மரபுத் தூண்களாலும் கூரைகளாலும் ஷேர்லி டி அல்விஸ் உருக்கொடுத்தார். 1952 இல் மாணவர் குடியேறினர். அழகிற் குறையில்லை. ஆயின், பின்னர் எழுந்த விஞ்ஞான பீடம் மகாவலியின் ஒரு கரையிலும் பொறியியற் பீடம் மறுகரையிலும் நிற்கின்றன. கூடி ஆராய விழைவோர் ஆற்றைக் கடக்கவேண்டும்!

கூட்டு உழைப்புக்குரிய கட்டடம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு மலையகத்திலேயே ஒரு பாடம் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். மேல்மாடியில் கொழுந்து வாடுகிறது. வாடியது கீழிறங்கி இயந்திரத்தில் கசங்குகிறது. நிறமும் மணமும் கூடி, சூட்டில் உலர்ந்து, சல்லடைக்குச் செல்கிறது. எச்சுவரும் அதன் வழியை மறிப்பதில்லை. பொருளின் பயணமே தளங்களை வகுத்தது. (அப்பயணத்தின் இலாபம் எவர் பைக்குள் முடிந்தது என்பது வேறு கதை.)

1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்பாடத்தை ஓரளவு கற்றது எனலாம். தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் ஆய்வுகூடமும் தேயிலை மலையும் தொழிற்சாலையும் அருகருகே உள்ளன. 1930களில் இலைசுருட்டிப் புழுவை யாவாவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியால் அடக்கிய வெற்றி, பூச்சியியலாரும் தோட்டமும் இணைந்ததன் பயன். ஆயினும் அந்நிலையம் பயிருக்காகப் பிறந்தது. கொழுந்து கிள்ளுபவளின் முதுகுவலி அதன் ஆய்வுப்பொருளாகப் பிறக்கவில்லை.

இக்குறை வெறும் கட்டடக் குறையன்று. 2014 ஒக்டோபர் 29 இல், ஊவாவின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அச்சரிவு ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் கணக்கைச் சரியாகவே போட்டது. அக்கணக்கின் விடை லயத்து மக்களைச் சரிவிலிருந்து அகற்றவில்லை. புவியியலாளரும் பொறியியலாளரும் தோட்ட நிர்வாகமும் தொழிலாளியும் ஒரே மேசையைச் சுற்றி அமர ஓர் இடம் இருந்திருந்தால்?

மலையகத்துக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளையது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அதன் ஆராய்ச்சிக் கூடம் எழுமாயின், வரைபடத்தில் நாம் தூண்களை எண்ணப்போவதில்லை. துரை பங்களாவைப் போல அது குன்றின் உச்சியில் ஏறி நிற்கிறதா, லயத்துப் பாதையை நோக்கி நிற்கிறதா என்றே பார்ப்போம். துறைக்கொரு பூட்டிய அறை வேண்டாம். மண்ணும் மழையும் இலையும் மனித உடலும் ஒருசேர ஆராயப்படும் நீண்ட பொதுக்கூடம் வேண்டும். கீழ்த்தளத்தில் மழைமானிக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் பதியும் மேசை இருக்கட்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருபவர் கேள்வி கேட்க, அவ்வாசல் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கட்டும்.