அந்த அரை அடி

57 கிலோ பாக்ஸிங்கில் ஆடும் அந்தப் பெண்ணின் பெயரை எழுதப்போவதில்லை. ரிங் ஓரம் நிற்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அவளுடைய பின்னங்காலைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். மணி அடித்ததும் ஒரு ஜாப் போடுவாள். எதிராளி பதிலுக்குப் பாய்ந்ததும் அரை அடி பின்னால் வைப்பாள். உடனே கூட்டத்தில் ஒரு குரல்: "பயந்துட்டா! ஏறி அடி தாயி!" நம்ம தேனிப் பக்கத்துக் குரல்தான்.

அந்தக் குரலோடுதான் எனக்குச் சண்டை. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் வாடிவாசல் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிப்போகிற மாட்டுக்கா கைதட்டுகிறோம்? நின்று விளையாடுகிற மாட்டுக்குத்தானே? கிட்டே வரவிட்டு, திமிலுக்குக் கை எட்டும் நேரத்தில் உடம்பைத் திருப்பும் காளையைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுகிறோம். அதையே ஒரு பெண் கிளவுஸ் மாட்டிக்கொண்டு செய்தால் பயமாம். (சார்பட்டா பரம்பரையில் டான்ஸிங் ரோஸின் கால்களுக்கு விசில் அடித்தவர்களும் இதே ஆட்கள்தான்.)

அரை அடி என்பது கணக்கு. முழு அடி போனால் அவள் கையும் எட்டாது, முதுகு கயிற்றில் இடிக்கும். அரை அடியில் எதிராளியின் குத்து மூக்குக்கு முன்னால் காற்றில் முடிகிறது. அந்த நொடியில் எதிராளியின் எடை முழுக்க முன்னங்காலில். கை இன்னும் கார்டுக்குத் திரும்பவில்லை. பின்னங்காலில் தேக்கிய பாரத்தை இடுப்பு வழியாக வலது கைக்கு அனுப்ப இவளுக்கு அது போதும். எதிரே வலது காலை முன்வைக்கும் சவுத்பா நின்றால் நேர்பின்னால் போவதையும் விட்டுவிடுகிறாள். தன் இடப்பக்கம் விலகி, எதிராளியின் முன்னங்காலுக்கு வெளியே கால் வைக்கிறாள். இதைப் பயந்தவள் செய்யமாட்டாள்.

சிக்கல் ஜட்ஜ்களிடம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வந்த பட்டன் முறையில் ஐந்து பேரில் மூவர் ஒரு நொடிக்குள் அழுத்தினால் ஒரு பாயிண்ட். சுத்தமான ஒற்றைக் குத்துக்கு மரியாதை இருந்தது. 2013-க்குப் பிறகு ரவுண்டை மொத்தமாகப் பார்த்துப் பத்து பாயிண்ட் முறை. முன்னால் போய்க்கொண்டே இருப்பவர் பக்கம் கண் சாய்ந்துவிடுகிறது. தொழில்முறை ஃபெதர்வெயிட்டில், 126 பவுண்டில், ஆண்களின் பட்டச் சண்டை 12 ரவுண்டு. எதிராளியைக் களைக்கவிட நேரம் உண்டு. இங்கே மூன்றே ரவுண்டு. பதில் குத்து இல்லாத பின்னடி ஒன்று போனாலும் நஷ்டம்தான்.

இந்த எடையே ஒரு வினோதம். 1904 செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலேயே ஃபெதர்வெயிட் இருந்தது. லண்டனிலும் ரியோவிலும் ஆண்களுக்கு இல்லாமல் போய், டோக்கியோவில் திரும்பியது. அப்போதுதான் பெண்களுக்கும் 57 கிலோ கிடைத்தது. இப்போது வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பின் பட்டியலில் ஆண்களுக்கு 55, அடுத்தது 60. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் 57 பெண்களுடையது மட்டும்.

ஆக, 57-ல் இருந்த பையன்களில் பாதிப்பேர் பட்டினி கிடந்து 55-க்கு இறங்கப்பார்ப்பார்கள். மூன்றாவது ரவுண்டில் கால் கனக்கும். 60-க்கு ஏறுகிறவன் தன்னைவிடப் பலசாலியைச் சந்திப்பான். அவனுக்குத்தான் இந்த அரை அடி அவசரமாகத் தேவைப்படும். யாரிடம் கற்பது என்று இப்போதே யோசிக்கட்டும்.

அவளுக்கு? இன்னும் இரண்டு சீசனில் எதிராளிகள் துரத்துவதை நிறுத்திவிடுவார்கள். இருவரும் நடு ரிங்கில் காத்து நிற்க, கூட்டம் கொட்டாவி விடும். அப்போது முதல் அடியை இவள்தான் வைக்கவேண்டும். அதற்கு இடது ஹூக் வேண்டும். இப்போது அது அகலமாக, ஊருக்கே சொல்லிவிட்டு வருகிறது. அதைச் சுருக்கிவிட்டால் நம்ம தேனிப் பக்கத்துக்கு ஒரு தேசிய மெடல் நிச்சயம், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யாராவது "நல்லாச் சாப்பிடு தாயி" என்று அவளை 60-க்கு ஏற்றிவிட்டால் மட்டும் என் ஜோசியம் செல்லாது.