அச்சம் நாவைக் கட்டுமா?

வகுப்பில் வாய் திறவாத மாணவனைச் சோம்பேறி எனத் தள்ளிவிடுவது எளிது. அவன் நாவைக் கட்டியிருப்பது அச்சமாகவும் இருக்கலாம் என்பதை அளந்து காட்ட முற்பட்ட கட்டுரையொன்று, 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘மாடர்ன் லாங்வேஜ் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. எழுதியோர் எலேன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோஆன் கோப் ஆகிய மூவர். மொழிக் கல்வி பற்றி எழுதுவோர் இன்றும் அதனை எடுத்துக்காட்டுகின்றனர். ஆயின், அதன் நிறையோடு குறையும் எண்ணத்தக்கது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அயல்மொழி பயின்ற மாணவர்களின் முறையீடுகளே கட்டுரையின் ஊற்று. நன்கு படித்த இலக்கணம் தேர்வில் மறந்துபோகிறது. பேச அழைத்தால் நெஞ்சு படபடக்கிறது. இத்தகைய குறைகளைக் கேட்டு, 33 கூற்றுகள் அடங்கிய அளவுகோல் ஒன்றைக் கட்டுரையாளர்கள் வகுத்தனர். முதிர்ந்த அறிவுடைய ஒருவர் புதிய மொழியில் குழந்தைபோல் குழற நேருங்கால், தம்மைப் பற்றிய மதிப்பே ஆட்டங்காண்கிறது என்னும் அவர்களது நோக்கு, கட்டுரையின் சிறந்த பகுதி.

குறை எங்கே? அச்சத்தால் மொழி வரவில்லையா, மொழி வராமையால் அச்சமா? 1991ஆம் ஆண்டு, அதே இதழில் ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ், லியனோர் கான்ஷோ இருவரும் இவ்வினாவை எழுப்பினர். தாய்மொழியிலேயே ஒலிகளைப் பிரித்தறியவும் எழுத்தோடு இணைக்கவும் இடர்ப்படுவோர் அயல்மொழியிலும் இடர்ப்படுவர். அச்சம் அதன் விளைவாகலாம் என்பது அவர்களது வாதம். இதனைப் புறந்தள்ள இயலாது. அத்தகைய மாணவனுக்கு ‘அஞ்சாதே’ என்னும் ஆறுதலை மட்டும் கூறி அனுப்புவதும் ஓர் அநீதியே. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகப் பொருத்திக் கற்பித்தலே அவனுக்கு வேண்டுவது.

மற்றொரு குறை, அந்த அளவுகோல் மாணவனை மட்டுமே அளப்பது. 1996ஆம் ஆண்டு, எலேன் ஹார்விட்ஸே, தமக்குத் தாய்மொழியல்லாத மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வச்சம் உண்டென எழுதி அவ்விடைவெளியை நிரப்பினார். தம் பிழை வெளிப்படுமோ என அஞ்சும் ஆசிரியர், வகுப்பில் அம்மொழியில் பேசுவதையே குறைத்துக்கொள்ளக்கூடும். இழப்பு மாணவர்க்கே.

அச்சம் காரணமா, விளைவா என்னும் வழக்கு நீளலாம். தீர்ப்பு எதுவாயினும், பலர் முன்னிலையில் ஒருவனது பிழையை எள்ளி நகைப்பதற்கு அது நியாயம் வழங்காது. ஆய்வு கல்லூரி மாணவரைப் பற்றியதேயாயினும், அதன் பாடம் இல்லத்துக்கும் உரியது. பிள்ளையின் மௌனத்துக்குக் காரணம் அறியுமுன் ‘சோம்பேறி’ என்னும் சொல்லை அடக்கிக்கொள்வது, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் முதற்கடன்.