பாதிப் பாட்டு

எண்பதுகளின் பாட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஏக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது 1982இல். அப்போது நான் பிறக்கவே இல்லை. விவரம் தெரிந்து பாட்டு கேட்க ஆரம்பித்தபோது ‘ரோஜா’ வந்து ஓடி முடிந்திருந்தது. ஆனாலும் என் காதில் முதலில் ஏறி உட்கார்ந்தது எண்பதுகள்தான். இன்றைக்குப் பெரம்பலூர் பக்கம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் பையன்கள் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். அவர்கள் போடுவதும் அதே பாட்டுகள்தான். வாழாத காலத்துக்கு எப்படி ஏங்குவது? அப்படியென்றால் இந்தப் பைத்தியத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஒரு காரணம் வெறும் சரக்கு சம்பந்தப்பட்டது. தொண்ணூறுகளில் எங்கள் ரஞ்சன்குடியில் காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ எதுவானாலும் மைக் செட்டுக்காரர் கொண்டுவருவது பழைய கேசட் பெட்டியைத்தான். புதுக் கேசட் வாங்குவது செலவு, பழசு இன்னும் அறுந்துபோகவில்லை, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கேசட்டுகளில் பாதி ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. ஆக யாரோ ஒருவர் உட்கார்ந்து, நூறு பாட்டில் பன்னிரண்டைப் பொறுக்கியிருக்கிறார். எண்பதுகளில் குப்பையும் மலைமலையாக வந்தது. அது இந்தச் சல்லடையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வரவில்லை. ‘அந்தக் காலத்துல எல்லாப் பாட்டும் நல்லா இருக்கும்’ என்று சொல்கிறவர்கள் சல்லடையில் தங்கியதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

இன்றைய சல்லடை பென் டிரைவ். அதில் ‘80ஸ் இளையராஜா ஹிட்ஸ்’ என்றொரு ஃபோல்டர் தவறாமல் இருக்கும். திறந்து பார்த்தால் ‘வாழ்வே மாயம்’ இருக்கிறது. அதற்கு இசை கங்கை அமரன். ‘அச்சமில்லை அச்சமில்லை’ இருக்கிறது, அது வி.எஸ். நரசிம்மன். ‘செந்தூரப்பூவே’ மனோஜ்–கியான். சில பஸ்களில் டி. ராஜேந்தரே ராஜா கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஒரு ரசிகனாக எனக்கு இது எரிச்சல். ஒருவர் மேல் வைக்கிற பிரியம் மற்றவர்களின் பெயரைத் தின்றுவிடக் கூடாது. ஆனால் இந்தக் குழப்பம் முழுக்க அறியாமையும் அல்ல. நரசிம்மன் ராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர். கங்கை அமரன் கூடப் பிறந்த தம்பி. ஒரே ஊர் ஸ்டுடியோக்களில் பல பேருக்கும் மாறி மாறி வாசித்தவர்கள் அன்றைய வாத்தியக்காரர்கள். கண்டக்டர் பையன் காதுக்கு எட்டுவது ஒரு மனிதரின் பாணி மட்டுமில்லை, அன்றைய சென்னையின் மொத்த ஓசையும்தான். அதற்கு அவனிடம் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

இனி நான் சொல்லவந்த விஷயம். அந்தப் பாட்டுகளை நாங்கள் கேட்டது குழாய் ஸ்பீக்கரில். கோட்டைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தில் கட்டினால், அந்தப் பக்கம் சோளக்கொல்லையில் களை எடுப்பவர்களுக்கும் கேட்கும். தூரத்துக்குப் போவதற்காகவே செய்த கருவி அது. அந்தத் தூரத்துக்கு அது கொடுக்கும் விலை அடிச்சுருதி. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குப் பேச்சே வராது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, மெல்லிய தந்தி 98இல். கழுத்தில் மேலே ஏறிப் போய் வாசித்தாலும் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அதாவது ராஜாவின் பாட்டில் பேஸ் என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில், அறைத்தோழனின் ஹெட்ஃபோனில். ‘மூடுபனி’ (1980, அவருடைய நூறாவது படம்) பாட்டு, ‘என் இனிய பொன் நிலாவே’. கிடார் தெரியும், யேசுதாஸ் தெரியும். அவர்களுக்கு அடியில் இன்னொருவர் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போகிறார். தாளத்துக்கு முட்டுக்கொடுக்கிற வேலை மட்டுமில்லை அது. பாடகர் ஒரு சொல்லில் நிற்கும்போது அவர் நிற்காமல் நடக்கிறார், பாடகர் மேலே ஏறினால் இவர் கீழே இறங்குகிறார். ராஜாவுக்கு நீண்டகாலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அன்று ராத்திரி தெரிந்த பாட்டையெல்லாம் அவருக்காக மறுபடி கேட்டேன். கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்ததும் உண்மை. ஊர் பாதிப் பாட்டைக் கேட்டது, நான் முழுப் பாட்டைக் கேட்கிறேன் என்றொரு மிதப்பு. ராஜா ரசிகர்களில் பாதிப்பேர் இந்த மிதப்பிலேயேதான் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பதிவு ஒரிஜினல், எது ரீமாஸ்டர், எதில் இடது வலது மாறியிருக்கிறது என்று ராத்திரி முழுக்கச் சண்டை.

அந்த மிதப்போடு, லீவில் வந்தபோது அம்மாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். ‘இளைய நிலா’ போட்டேன். அம்மா பருத்திக்காட்டில் வேலை செய்துகொண்டே அந்தப் பாட்டை நூறு தடவையாவது குழாயில் கேட்டிருக்கும். இடையிசைகூட வாயில் வரும், புல்லாங்குழல் வருகிற இடம் உட்பட. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னது: “ஏம்ப்பா, அடியில என்னமோ கெடந்து உறுமிக்கிட்டே இருக்குது. அத எடுத்துவுட்டுப் போடு, பாட்டக் கேக்க வுடமாட்டேங்குது.”

அப்போது சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா பேசியது ஒரு விமர்சகர் பேச்சு. அது கேட்டுவந்த பாட்டில் எந்த ஓட்டையும் இல்லை. அது முழுப் பாட்டு. அப்படி இருக்கும்படிதான் அந்தப் பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. ‘இளைய நிலா’வைக் கவனியுங்கள்: ஆர். சந்திரசேகரின் கிடார் தொடங்குகிறது, எஸ்.பி.பி. வாங்கிக்கொள்கிறார், அவர் விட்டதும் வயலின்கள், அவை விட்டதும் குழல். குழாய் ஸ்பீக்கர் பேசக்கூடிய உயரத்தில் யாராவது ஒருவர் எப்போதும் மெட்டைக் கையில் வைத்திருக்கிறார், ஒரு கணம்கூடக் கீழே வைப்பதில்லை. அடியில் நடக்கும் பேஸ் இன்னொரு பாட்டு. கேட்டால் இரண்டும் சேரும், கேட்காவிட்டால் மேலிருப்பது தனியாகவே நிற்கும். மறுவருஷமே இந்த மெட்டு ஹிந்திக்குப் போய் ‘கலாகார்’ படத்தில் கிஷோர் குமார் குரலில் ஹிட்டானது. வார்த்தையும் வாத்தியக்காரர்களும் மாறியும் மெட்டு சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இதை ரஹ்மானோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். ‘காதலன்’ (1994) பாட்டுகளை எங்கள் ஊர்க் குழாயில் போட்டபோது தகரத்தில் மழை பெய்த மாதிரி இருந்தது. ரஹ்மானுக்கு அடியோசையே கதாநாயகன், அதை எடுத்துவிட்டால் பாட்டில் பெரும்பகுதி போய்விடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் சி.டி.க்காக எழுதினார், எங்கள் புளியமரத்துக்காக அவர் ஏன் எழுத வேண்டும்? ராஜாவும் புளியமரத்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாக் குரலையும் தனித்தனி மெட்டாக எழுதுவது அவர் பழக்கம். அந்தப் பழக்கத்தின் பலன் புளியமரம் வரை வந்தது.

அவர் பாட்டு எல்லாமே இப்படித் தாங்கும் என்பதும் இல்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ எல்லாம் வந்த காலத்திலிருந்து சிந்தசைஸரின் பங்கு கூடுகிறது. அந்த வருஷங்களின் சில பாட்டுகளில், அன்றைக்குப் புதுசாக இருந்த கீபோர்டு ஓசைதான் இன்றைக்கு முதலில் துருப்பிடித்துத் தெரிகிறது. மெட்டு இளமையாக இருக்கும், சட்டை மட்டும் பழசு. 1980 முதல் 1983 வரையிலான கிடாருக்கும் வயலினுக்கும் அந்தத் துரு ஏறவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம்.

இப்போது பஸ்ஸில் நிலைமை தலைகீழ். சீட்டுக்கு அடியில் வூஃபர், பென் டிரைவில் பேஸ் பூஸ்ட் செய்த பதிவு. சசிதரனின் விரல்கள் நடந்த இடத்தில் இப்போது ரோட் ரோலர் ஓடுகிறது. குழாயில் மேல்பாதி கேட்டோம், இங்கே கீழ்ப்பாதி மட்டும். இந்தப் பாதி தனியாக நிற்பதில்லை. குன்னம் தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது.

நல்லவேளையாக, பெரும்பாலான ஜனங்கள் பாட்டு கேட்பது பஸ்ஸில் இல்லை, போனில். ஹெட்ஃபோன்கூடக் கிடையாது, போனின் சொந்த ஸ்பீக்கர்தான். அந்தக் கடுகளவு ஸ்பீக்கருக்கும் அடிச்சுருதி வராது. குழாய் ஸ்பீக்கரின் பேரன் அது. ரீல்ஸில் பதினெட்டு வயதுக்காரர்கள் எண்பதுகளின் பாட்டைத் தேடி எடுத்துப் போடுவதற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடியோசையை மட்டும் நம்பிச் செய்த பாட்டு போனில் நொண்டும். இவை நொண்டுவதில்லை.

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் ஆயும் பெண்கள் போனை வெறும் எவர்சில்வர் குண்டானுக்குள் வைத்துப் பாட்டு போடுவார்கள். சத்தம் கூடிவரும், குழாய் போலவே. குண்டானின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் உட்காரக் காலையிலேயே போட்டி நடக்கும்.