வெள்ளை கரையும் ஓரம்

ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் குதிரையைப் பார்ப்பவர்கள் அதன் உயரத்திலும், குளம்பை மூடித் தொங்கும் முடிக்கற்றையிலும் மயங்கி நின்றுவிடுகிறார்கள். அதன் அழகு அடிவயிற்றில்தான் இருக்கிறது என்பேன். சபினோ எனப்படும் வெள்ளை, கால்களில் கூர்கூராக ஏறி, தாடையைத் தொட்டு, வயிற்றில் திட்டாகப் படர்கிறது. ஓரத்தில் மட்டும், ஈரத் துணியில் ஊறிய மை போல, பழுப்போடு இழையிழையாகக் கலந்து கரைகிறது. இது ரோன் நிறம்தானே என்று கேட்கலாம். அசல் ரோனில் வெள்ளை முடி உடலெங்கும் சீராகக் கலந்திருக்கும். தலையும் கால்களும் அடிநிறத்திலேயே நிற்கும். சபினோவிலோ முகமும் கால்களும்தான் முதலில் வெளுக்கின்றன. நரையும் அல்ல: நரைக்கும் குதிரை ஆண்டுக்கு ஆண்டு வெளுக்கும், சபினோக் குட்டி தன் வெள்ளையோடே பிறக்கிறது.

இதைக் குறை என்போரும் உண்டு. வெள்ளைக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு, வெயிலில் மூக்கு எளிதில் கன்றிப்போகும். உண்மைதான், நிழல் தந்து காக்க வேண்டும். ஆனால் கறை என்று ஒதுக்குவது நியாயமில்லை. கருவில் நிறமி உயிரணுக்கள் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டுப் பரவுகின்றன. அவை போய்ச் சேராத முகம், கால், அடிவயிறு வெள்ளையாகின்றன. அரைகுறையாகச் சேர்ந்த இடத்தில் இரு நிற முடியும் அடுத்தடுத்து முளைக்கின்றன. அதனால்தான் எந்த இரு குதிரைக்கும் அந்த ஓரம் ஒரே மாதிரி அமைவதில்லை.