தமனி அடைப்புச் சிகிச்சையும் பித்தப்பையும்

கல்லீரல் புற்றுக்கட்டிக்குக் கதீட்டர் வழியே தமனியை அடைக்கும் சிகிச்சை, கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருவதை நம்பி நிற்கிறது. நலமான கல்லீரல் திசுவுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் வாயில் சிரை வழியே வருகிறது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியைக் கொண்டே வளர்கிறது. தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். பித்தப்பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாயில் சிரை அதற்கு இரத்தம் தருவதில்லை. அதைப் பிரதானமாகப் பேணும் பித்தப்பைத் தமனியும் பெரும்பாலானோருக்கு வலது கல்லீரல் தமனியிலிருந்து, அதாவது மருந்து செலுத்தப்படும் பாதையிலிருந்தே கிளைக்கிறது.

சிகிச்சையின் பயனில் ஐயமில்லை. அறுவைக்கு உட்படுத்த முடியாத நோயாளிகளில் தமனி வழிக் கீமோ அடைப்பு ஆயுளைக் கூட்டுகிறது என்று பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகள் 2002இல் காட்டின. நடுநிலைக் கல்லீரல் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சையானது அதன் பிறகே. குறை, அதைச் செலுத்தும் முறையிலும் பிறகு கண்காணிக்கும் முறையிலும் இருக்கிறது.

டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தை லிப்பியோடால் எண்ணெயில் குழைத்துச் செலுத்தும்போது, தொடக்கத்தில் இரத்த ஓட்டமே அதைக் கட்டிக்குள் இழுத்துச் செல்கிறது. கட்டியின் குழாய்கள் நிறைய நிறைய ஓட்டம் தளர்கிறது. ஆபத்து அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். இன்னும் சில சொட்டு சேர்த்துவிடலாம் என்று அழுத்தினால், எண்ணெய் வந்த வழியே பின்வாங்கிப் பக்கக் கிளைக்குள் நுழைகிறது. அந்தக் கிளை பித்தப்பையினுடையதானால், பின்னர் எடுக்கும் சிடி ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் வெள்ளைக் கோடாக மின்னும். சுவர் இரத்தமின்றி வாடுகிறது. மருந்தின் நச்சும் அதைப் புண்ணாக்குகிறது. கல் இல்லாமலே பித்தப்பை அழற்சி ஏற்படுவது இப்படித்தான்.

இதைக் கண்டறிவதில்தான் நடைமுறை மிகவும் தடுமாறுகிறது. அடைப்புக்குப் பின் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, குமட்டல் ஆகியவை பலருக்கு வரும். சில நாட்களில் தணியும். பித்தப்பை அழற்சிக்கும் இவையே அறிகுறிகள். எல்லாவற்றையும் ‘சிகிச்சைக்குப் பின் வழக்கமாக வருவது’ என்று எழுதிவைக்கும் பழக்கம் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தீங்கு செய்வதில்லை. சுவர் அழுகும் அல்லது துளைபடும் அந்த ஒரு சிலருக்கோ அது உயிராபத்து. வலி நாளுக்கு நாள் தணியாமல் கூடினாலோ, தணிந்த காய்ச்சல் திரும்பினாலோ அல்ட்ராசவுண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சுவர் தடித்திருப்பது மட்டும் சான்றாகாது. கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகளில் அது முன்பே தடித்திருக்கும். சுற்றிலும் நீர் கோத்திருப்பதும் சுவருக்குள் காற்று தெரிவதும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை.

தடுப்பதற்கு மெல்லிய மைக்ரோகதீட்டரைப் பித்தப்பைத் தமனியின் வாயைக் கடந்து கட்டியின் கிளைக்குள்ளேயே கொண்டுபோவது சிறந்த வழி. எல்லா நோயாளிகளிலும் இது கைகூடாது. பித்தப்பையை ஒட்டி, கல்லீரலின் நான்காம் ஐந்தாம் பகுதிகளில் வளரும் கட்டி சில நேரம் பித்தப்பைத் தமனியிலிருந்தே இரத்தம் இழுத்துக்கொள்கிறது. அப்போது அந்தத் தமனியை விட்டுவைத்தால் கட்டி உயிரோடு எஞ்சும். தொட்டால் பித்தப்பை வாடக்கூடும். கட்டிக்குப் போகும் நுண்கிளை வரை கதீட்டர் எட்டினால் முயல்வது நியாயம். எட்டாதபோது கட்டி முழுதும் மறைய வேண்டும் என்ற பிடிவாதத்துக்காகப் பித்தப்பையைப் பணயம் வைப்பதை ஏற்க முடியாது. கட்டி அருகில் இருந்தால் வெப்பத்தால் கருக்கும் முறையும் பித்தப்பைக்கு ஆபத்தானதே.

கீமோ மருந்துக்குப் பதிலாகக் கதிரியக்க இட்ரியம்-90 நுண்மணிகளைத் தமனியில் செலுத்தும்போது தீங்கு அடைப்பால் அல்ல, கதிர்வீச்சால் வருகிறது. அதனால் சில மையங்கள் முன்கூட்டியே பித்தப்பைத் தமனியில் கம்பிச்சுருள் வைத்து மூடின. கல்லீரல் படுகையிலிருந்து வரும் சிறு குழாய்கள் பித்தப்பையைக் காப்பாற்றும் என்பது அதன் தர்க்கம். பெரும்பாலும் அது பலிக்கிறது. ஆனால் அரிதாக நேரும் தீங்கைத் தவிர்க்க எல்லோருக்கும் தமனியை மூடுவது மிகை. மூடிய செயலே அழற்சியைத் தூண்டவும் கூடும். கதீட்டர் முனையை முன்னே நகர்த்த முடியாத நோயாளிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

அழற்சி வந்துவிட்டால் பெரும்பாலோருக்கு வாய்வழி உணவை நிறுத்துவது, சிரைவழி நீர், வலிநிவாரணி, தேவைப்படும்போது ஆன்டிபயாட்டிக் ஆகியவை போதும். தேறாதவர்களுக்குத் தோல் வழியே பித்தப்பைக்குள் குழாய் வைத்துப் பித்தத்தை வடிக்கலாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இரத்தம் உறையாதவர்களுக்கும் அதுவும் எளிதல்ல. அழுகலோ துளையோ உறுதியானால் பித்தப்பையை அகற்ற வேண்டிவரும். சிரோசிஸ் முற்றியவரின் உடல் அந்த அறுவையைத் தாங்குமா என்பது, கதீட்டரைச் செலுத்துவதற்கு முன்பே அறுவை மருத்துவரோடு பேசி வைக்க வேண்டிய கேள்வி.